'வீட்டுக்கு வா, உன்னை ஒன்றும் செய்ய மாட்டோம்!' - 1,300 ஆண்டு பழைய எகிப்துக் கடிதங்கள் சொல்வது என்ன?

'இதோ, உனக்குக் கடவுளின் வாக்கு. நீ உன் வீட்டுக்குத் திரும்பி வரலாம். உனக்கு நாங்கள் எந்தக் கெடுதலும் செய்ய மாட்டோம்.'

வரி கட்ட முடியாமலோ, கடன் தொல்லையாலோ ஊரை விட்டு ஓடிப்போனவருக்கு ஊர்த் தலைவர் எழுதும் கடிதத்தின் சாரம் இது. மொத்தமே நாலைந்து வரிதான். கடைசியில் 'சம்மதிக்கிறேன்' என்று எழுதியவர் பெயர் இருக்கும். இந்த மாதிரிக் கடிதங்கள் நூற்றுக்கும் மேல் கிடைத்திருக்கின்றன. பெரும்பாலானவை கி.பி. 7, 8ஆம் நூற்றாண்டுகளில் தெற்கு எகிப்தில் எழுதப்பட்டவை. மொழி, காப்டிக்.

எகிப்து என்றதும் பிரமிடும் மம்மியும் கிளியோபாட்ராவும்தான் நினைவுக்கு வரும். அதற்கெல்லாம் பல நூறு ஆண்டுகள் கழித்து அதே மண்ணில் வாழ்ந்த நெசவாளியும் விதவையும் கிராமக் கணக்கரும் எழுதிய கடிதங்கள் பற்றி நாம் அதிகம் கேள்விப்பட்டதில்லை. ஒரு நாடு இன்னொரு ஆட்சியின் கைக்கு மாறும்போது அடித்தட்டு மக்களுக்கு என்ன ஆகிறது? இதை அவர்களே எழுதிவைத்தது உலக வரலாற்றில் அபூர்வம். அந்த அபூர்வம் இங்கே கட்டுக்கட்டாகக் கிடைத்திருக்கிறது.

காப்டிக் என்பது என்ன மொழி?

சுருக்கமாகச் சொன்னால், பார்வோன்கள் காலத்தில் பேசப்பட்ட எகிப்திய மொழியின் கடைசி வடிவம்தான் காப்டிக். சித்திர எழுத்து வழக்கொழிந்துகொண்டிருந்த காலத்தில் அதே மொழியைக் கிரேக்க எழுத்துகளைக் கொண்டு எழுத ஆரம்பித்தார்கள். கிரேக்கத்தில் இல்லாத ஒலிகளுக்கு மட்டும் பழைய எகிப்திய எழுத்திலிருந்து ஆறேழு குறிகளைக் கடன் வாங்கிக்கொண்டார்கள். கி.பி. 3ஆம் நூற்றாண்டு வாக்கில் இந்த எழுத்துமுறை உருப்பெற்றுவிட்டது.

'காப்ட்' என்ற பெயரே 'எகிப்தியர்' என்பதற்கான கிரேக்கச் சொல் அரபு நாவில் தேய்ந்து, 'கிப்த்' ஆகி வந்ததுதான். இன்று எகிப்தில் வாழும் கிறிஸ்தவர்களைக் குறிக்க இந்தச் சொல் பயன்படுகிறது.

அப்போது எகிப்தில் அரசாங்க மொழி கிரேக்கம். ஆணை, வழக்கு, பத்திரம் எல்லாம் கிரேக்கத்தில் நடக்கும். வீட்டில் பேசுவது காப்டிக். இந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்பதற்கு ஹெர்மோந்திஸ் நகரின் ஆயர் ஆபிரகாம் நல்ல உதாரணம். 600ஆம் ஆண்டையொட்டி வாழ்ந்தவர். அவருடைய உயில் பாப்பிரஸில் கிரேக்க மொழியில் எழுதப்பட்டு, இன்று லண்டனில் இருக்கிறது. ஆனால், ஆயருக்கோ கிரேக்கம் தெரியாது. எகிப்திய மொழியில் மொழிபெயர்த்துச் சொல்லக் கேட்டே சம்மதித்ததாக அந்த உயிலிலேயே எழுதியிருக்கிறது. தன் சொத்துப் பத்திரத்தையே தன்னால் படிக்க முடியாத நிலை.

கடிதங்களில் அந்தச் சிக்கல் இல்லை. கடிதத்தை அவரவர் பேசும் மொழியிலேயே எழுதலாம். காப்டிக் கடிதங்களில் பேச்சின் சூடு இருப்பதற்குக் காரணம் இதுதான்.

'பாப்பிரஸ் கிடைக்கல, மன்னிச்சிடுங்க'

பாப்பிரஸ் என்பது நைல் கரையில் வளரும் ஒருவகைக் கோரை. நம்மூரில் பாய் பின்னும் கோரைக்கு நெருங்கிய உறவு. அதன் தண்டை உரித்து, உள்ளே இருக்கும் சோற்றுப் பகுதியை மெல்லிய பட்டைகளாகச் சீவுவார்கள். ஒரு வரிசை நெடுக்காகவும் அதன் மேல் இன்னொரு வரிசை குறுக்காகவும் பரப்பி அழுத்திக் காயவைத்தால் தாள் ரெடி. தாள்களை ஒட்டிச் சுருளாக விற்பார்கள். கடிதம் எழுதுபவர் தேவையான அளவு வெட்டிக்கொள்வார்.

ஆனால், எல்லோருக்கும் பாப்பிரஸ் கட்டுப்படியாகாது. எல்லா நேரமும் கிடைக்கவும் கிடைக்காது. அப்போது என்ன செய்வது? உடைந்த பானை ஓட்டை எடுத்து, அதிலேயே மையால் எழுதிக் கொடுத்தனுப்பிவிடுவார்கள். சில இடங்களில் சுண்ணாம்புக்கல் சில்லு. ஓடு ஓசியில் கிடைப்பது. எழுத இடமும் நிறைய.

ஆனாலும், ஓட்டில் எழுதி அனுப்புவது கொஞ்சம் மரியாதைக் குறைவுதான் போல. 'பாப்பிரஸ் கிடைக்கவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள்' என்று ஓட்டிலேயே எழுதியிருக்கிறார்கள். அதுவும் ஒருவர், இருவர் அல்ல. கடிதத்துக்குக் கடிதம் வரும் வழக்கமான வாசகமாகவே அது ஆகிவிட்டது.

பாப்பிரஸ் கையில் கிடைத்தவர்களும் அதை வீணாக்கவில்லை. பழைய கணக்கோ பத்திரமோ எழுதிய தாளின் பின்பக்கத்தில் கடிதம் எழுதுவது சகஜம். எழுதி முடித்ததும் மடித்து, நாரால் கட்டி, களிமண் முத்திரை வைப்பார்கள். வெளிப்பக்கம் முகவரி. அரசாங்கத் தபால் சாமானியர்களுக்குக் கிடையாது. அந்தப் பக்கம் போகிற ஒட்டகக்காரரோ படகுக்காரரோ துறவியோதான் தபால்காரர். அதனால் முகவரியும் எளிமையாக இருக்கும்: 'இதை இன்னாரிடம் கொடுக்கவும், அனுப்புவது இன்னார்.' தெருப் பெயர், கதவு எண் எதுவும் இல்லை.

கடிதத்துக்கும் ஒரு மரபு உண்டு

நம் பாட்டி, தாத்தா காலத்துக் கடிதங்களில் 'நலம், நலமறிய ஆவல்' இருந்ததுபோல இங்கேயும் ஒரு வாய்பாடு இருந்தது. மேலே ஒரு சிலுவைக் குறி. பிறகு 'முதற்கண் தங்களை வணங்குகிறேன்'. பெரியவர்களுக்கு என்றால், 'தங்கள் பாதம் பதியும் பீடத்தை வணங்குகிறேன்' என்கிற அளவுக்குப் பணிவு இறங்கும். எழுதுபவர் தன்னை 'மிகச் சிறியவன்' என்று சொல்லிக்கொள்வார். இந்தச் சடங்கெல்லாம் முடிந்த பிறகே விஷயத்துக்கு வருவார்கள். முடிக்கும்போது 'ஆண்டவருக்குள் நலமாக இரு'.

இந்த வாய்பாட்டுக்கு நடுவில்தான் வாழ்க்கை எட்டிப்பார்க்கிறது.

ஆயர் ஆபிரகாமின் கடிதம் ஒன்றையே எடுத்துக்கொள்ளலாம். பிசாத்தே என்பவர் ஏழைகளைக் கொடுமைப்படுத்துவதாக ஆயருக்குப் புகார் வருகிறது. பாதிக்கப்பட்டவர்களே வந்து, 'எங்களை ஓட்டாண்டி ஆக்குகிறார்' என்று முறையிட்டிருக்கிறார்கள். ஆயர் பானை ஓட்டில் பதில் எழுதுகிறார். பக்கத்து மனிதரை வதைப்பவர் எல்லா விதத்திலும் ஒதுக்கப்பட வேண்டியவர், யூதாஸுக்குச் சமம் என்று காய்ச்சி எடுக்கிறார். பிசாத்தேயைத் திருச்சபையிலிருந்து தள்ளியும் வைக்கிறார். போலீஸும் நீதிமன்றமும் எட்டாத ஊரில் ஏழைக்கு இருந்த ஒரே புகார்ப் பெட்டி ஆயர்தான்.

அதே ஆயரிடம் வேலை கேட்டு வந்தவர்களும் உண்டு. திருத்தொண்டர் ஆக விரும்புகிறவர்கள் யோவான் நற்செய்தியை மனப்பாடம் செய்து ஒப்பிப்பதாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இன்றைய 'ஆஃபர் லெட்டர்' நிபந்தனைகளுக்கு அன்றைய வடிவம் என்று வைத்துக்கொள்ளலாம்.

பிசாத்தேயைத் திட்டிய ஓடு இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. ஆயர் ஆபிரகாமின் முகத்தைக்கூடப் பார்க்க முடியும். அவரைத் தீட்டிய மரப்பலகை ஓவியம் பெர்லினில் இருக்கிறது.

கல்லறையில் குடியிருந்த நெசவாளி

இன்றைய லக்சர் நகருக்கு எதிரே, நைலின் மேற்குக் கரையில் இருக்கும் குன்றுகளில்தான் இந்தக் கடிதங்களில் பெரும்பகுதி கிடைத்தது. பார்வோன் காலப் பிரபுக்களுக்காகக் குடைந்த கல்லறைகளில் கிறிஸ்தவத் துறவிகள் குடியேறியிருந்தார்கள். வெயிலுக்குக் குளிர்ச்சி, வாடகையும் இல்லை.

அப்படிக் குடியேறியவர்களில் ஒருவர் ஃபிராங்கே. 8ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்தவர். அவர் குடியிருந்தது அமெனெமோபே என்ற பழைய எகிப்திய அமைச்சரின் கல்லறை. 1999இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் அங்கே தோண்டத் தொடங்கினார்கள். எழுத்துள்ள ஓடுகள் நூற்றுக்கணக்கில் வெளிவந்தன. தரையில் தறி வைத்திருந்த குழியும் கிடைத்தது.

ஃபிராங்கே துறவிதான். ஆனால், உலகத்தைத் துறந்த மனிதர் என்று சொல்லவே முடியாது. துணி நெய்வார், புத்தகம் கட்டுவார். ஊர்க்காரர்களோடும் மற்றத் துறவிகளோடும் ஓயாமல் கடிதப் போக்குவரத்து. அவருக்கு எழுதியவர்களில் பெண்களும் உண்டு. நூல் கேட்டு, பொருள் கேட்டு, விசாரித்து, ஆசீர்வதித்து, சில நேரம் கோபித்தும் எழுதியிருக்கிறார். இன்றைக்கு இருந்திருந்தால் வாட்ஸ்அப்பில் எப்போதும் ஆன்லைனில் இருக்கும் ஆள் அவராகத்தான் இருந்திருப்பார்.

மத்திய எகிப்தில் பாவித் என்ற இடத்தில் இருந்த அப்பா அப்பொல்லோ மடாலயத்தின் கதை வேறு. அது பெரிய நிறுவனம். மடத்தின் தலைவர் சிறுசிறு பாப்பிரஸ் துண்டுகளில் உத்தரவு அனுப்பிக்கொண்டே இருப்பார். அவை எல்லாவற்றின் தொடக்கமும் ஒன்றுதான்: 'நம் தந்தை தன் மகனுக்கு எழுதுகிறார்.' ஆனால், உள்ளே இருப்பதோ இன்னாருக்கு இவ்வளவு திராட்சை ரசம் கொடு, இவ்வளவு தானியம் அளந்து போடு என்கிற ரகம். தொடக்கத்தில் பாசம், மீதியில் ஸ்டோர் ரூம் கணக்கு.

ஆட்சி மாறியது, வரி வந்தது

இந்தக் கடிதங்கள் எழுதப்பட்ட காலம் சாதாரணமானது இல்லை. 619இல் பாரசீகப் படை எகிப்தைப் பிடித்தது. சுமார் பத்து ஆண்டுகள் கழித்து மறுபடியும் பைசாந்திய ஆட்சி. 639இல் அரபுப் படை நுழைந்தது. 642க்குள் நாடு முழுவதும் அவர்கள் வசம். ஒரே தலைமுறையில் மூன்று எஜமானர்கள்.

பாரசீகர் வந்தபோது கோப்தோஸ் நகரின் ஆயர் பிசெந்தியுஸ் தெற்கே ஜேமே ஊரின் குன்றுகளில் ஒளிந்துகொண்டார். அவரிடம் வந்த கடிதங்கள் பல பாப்பிரஸில் எழுதப்பட்டவை. இன்று பெரும்பாலும் பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நிச்சயதார்த்தத் தகராறு, கணவன் - மனைவி சண்டை என்று எல்லாப் பஞ்சாயத்தும் அவரிடம் வந்திருக்கிறது.

அதே காலத்தில் ஒரு விதவை ஆயருக்கு அனுப்பிய விண்ணப்பமும் கிடைத்திருக்கிறது. கணவன் இறந்துவிட்டான். மகனைப் பாரசீகர்கள் அடித்துவிட்டார்கள். மாடும் கைவிட்டுப் போனது. இப்போது இருக்கும் வீடாவது தங்க வேண்டும், ஊர்த் தலைவரிடம் சொல்லுங்கள் என்று கேட்கிறார். வரலாற்றுப் புத்தகத்தில் பாரசீகப் படையெடுப்பு ஒரே ஒரு பத்தி. அந்தத் தாய்க்கு அது ஒரு மகன், மாடு, வீடு.

அரபு ஆட்சி வந்தவுடன் எல்லாம் ஒரே நாளில் மாறிவிடவில்லை. பழைய கணக்கர்களே தொடர்ந்தார்கள். கிரேக்கமும் காப்டிக்கும் தொடர்ந்தன. 7ஆம் நூற்றாண்டின் கடைசியில் அத்தியாஸ் என்ற அரபு அதிகாரி தன் பெயருக்கு முன்னால் 'ஃபிளாவியுஸ்' என்ற பழைய ரோமானியப் பட்டத்தைப் போட்டுக்கொண்டார். அவருடைய நிர்வாகத்திலிருந்து காப்டிக் ஆவணங்களும் போயிருக்கின்றன. மக்களிடம் வேலை நடக்க வேண்டும் என்றால் மக்கள் மொழியில் எழுத வேண்டும் என்பது புது ஆட்சியாளர்களுக்கும் தெரிந்திருந்தது.

705-706இல் அரசு அலுவலகங்களில் அரபியைப் பயன்படுத்த ஆணை வந்தது. பாப்பிரஸ் சுருளின் முதல் தாளில் கிரேக்கத்திலும் அரபியிலும் இஸ்லாமிய வாசகங்கள் இடம்பெற்றன. கிட்டத்தட்ட இன்றைய ஸ்டாம்ப் பேப்பர் மாதிரி.

முக்கியமான மாற்றம், வரி. முஸ்லிம் அல்லாத ஆண்களுக்குத் தலைவரி விதிக்கப்பட்டது. நிலவரி தனி. இது போதாதென்று கட்டாய வேலையும் வந்தது. கடற்படைக்கு மாலுமி, டமாஸ்கஸிலும் ஜெருசலேமிலும் நடந்த கட்டுமானங்களுக்குத் தொழிலாளி என்று கிராமத்துக்குக் கிராமம் ஆள் கேட்டார்கள்.

709 முதல் 714 வரை ஆளுநராக இருந்த குர்ரா இப்னு ஷரீக்கின் கடிதங்கள் இதற்குச் சாட்சி. அஃப்ரோதிதோ என்ற ஊரின் நிர்வாகி பசிலியோஸுக்கு அரபியிலும் கிரேக்கத்திலும் அவர் எழுதித் தள்ளியிருக்கிறார். வரி ஏன் இன்னும் வரவில்லை? ஓடிப்போனவர்களைப் பிடித்து அனுப்பாதது ஏன்? அடைக்கலம் கொடுத்தவர்களுக்கு அபராதம் போட்டாயா? 1901இல் அந்த ஊர்க்காரர்கள் மண்ணைத் தோண்டியபோது வெளிவந்த பாப்பிரஸ் குவியலில் இவையும் இருந்தன.

அதே குவியலில் காப்டிக் உறுதிமொழிப் பத்திரங்களும் இருந்தன. 'எங்கள் ஊரிலிருந்து மாலுமியாகப் போகும் இன்னார் ஓட மாட்டார். ஓடினால் நாங்கள் பொறுப்பு' என்று ஊர்க்காரர்கள் ஜாமீன் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மேலிடத்து மிரட்டல் கிரேக்கத்திலும் அரபியிலும் வருகிறது. அதற்குக் கீழே நின்று தலையைக் கொடுப்பவர் எழுதும் மொழி காப்டிக். ஒரே பெட்டியில் இரண்டு பக்கமும்.

வெளியூர் போக அனுமதிச் சீட்டு

ஓட்டத்தைத் தடுக்க அரசு கையாண்ட இன்னொரு வழி, பயண அனுமதிச் சீட்டு. சொந்த வட்டாரத்தை விட்டு வெளியே போக வேண்டும் என்றால் அதிகாரியின் சீட்டு வேண்டும். 8ஆம் நூற்றாண்டின் அரபுச் சீட்டுகளில் ஆளின் பெயர், அங்க அடையாளம், எந்தப் பகுதிக்கு, எத்தனை மாதத்துக்கு என்று எல்லாம் இருக்கிறது. எதற்காக என்றும் இருக்கிறது: உழைத்துத் தலைவரி கட்டவும் வயிற்றைக் கழுவவும்.

துறவிகளுக்கும் விலக்கு இல்லை. ஜேமே குன்றில் இருந்த மடத்தின் துறவிகள் மூன்று பேர், தாங்கள் திரித்த கயிற்றை விற்க வடக்கே ஃபயூமுக்குப் போக வேண்டியிருந்தது. அதற்காக அனுமதி கேட்டு ஊர்ப் பெரியவர்கள் எழுதிய காப்டிக் பாப்பிரஸ் இன்றும் இருக்கிறது.

எகிப்தியத் திருச்சபையின் பழைய வரலாற்று நூலில் இதுபற்றி ஒரு கதை உண்டு. தாயும் மகனும் சீட்டோடு பயணம் போகிறார்கள். மகன் தண்ணீர் குடிக்க நைலில் இறங்குகிறான். முதலை இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. சீட்டு அவனிடம் இருந்தது. மகனைப் பறிகொடுத்த தாயிடம் அதிகாரிகள் கேட்டது சீட்டைத்தான். இல்லை என்றதும் பணம் பிடுங்கினார்கள். நடந்ததோ இல்லையோ, அந்தச் சீட்டு மக்கள் மனதில் எவ்வளவு பெரிய பயமாக இருந்தது என்பதை இந்தக் கதையே சொல்லிவிடுகிறது.

'கடவுளின் வாக்கு' எப்படி வேலை செய்தது?

இந்தப் பின்னணியில்தான் 'வீட்டுக்கு வா' கடிதங்களைப் படிக்க வேண்டும்.

வரி ஊருக்கு மொத்தமாக விதிக்கப்படும். ஒருவர் ஓடினால் அவர் பங்கு மற்றவர் தலையில் விழும். நிலம் தரிசாகும். அடுத்த ஆண்டு இன்னும் இரண்டு பேர் ஓடுவார்கள். அதனால் ஓடியவரைத் தண்டிப்பதைவிடத் திரும்ப அழைப்பதே ஊருக்கு லாபம்.

ஆனால், ஓடியவர் எப்படி நம்புவார்? வந்தவுடன் பிடித்து உள்ளே போட்டுவிட்டால்? அதற்குத்தான் நடுவில் ஒரு துறவியோ பாதிரியாரோ. ஓடியவரோ அவர் குடும்பமோ அவரிடம் முறையிடும். அவர் ஊர்த் தலைவருக்கு, 'இவருக்கு ஒரு வாக்குக் கொடுங்கள்' என்று எழுதுவார். 'லஷானே' என்று அழைக்கப்பட்ட ஊர்த் தலைவர் எழுத்தில் வாக்குக் கொடுப்பார். அந்த ஓடு அல்லது தாள் கைக்கு வந்த பிறகே ஆள் ஊருக்குள் காலடி வைப்பார்.

எல்லாக் கடிதமும் முழு மன்னிப்பு இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். சிலவற்றில் 'இந்த ஒரு தொகை தவிர வேறு எதுவும் கேட்க மாட்டோம்' என்று கணக்காக எழுதியிருக்கிறார்கள். அதாவது, வரி தள்ளுபடி இல்லை. அடி, சிறை, கூடுதல் பிடுங்கல் இருக்காது என்ற உத்தரவாதம். ஊர்த் தலைவரால் கொடுக்க முடிந்தது அவ்வளவுதான். அவருக்கு மேலே ஆளுநர் இருக்கிறார், அவருக்கு மேலே கலீஃபா.

சட்டம் பேசும் பெரிய பத்திரம் இல்லை அது. உள்ளங்கை அளவு ஓடு. அதன் பலம் முழுவதும் எழுதியவர் சொன்ன சொல்லில் நிற்பாரா என்பதில்தான் இருந்தது. கடவுள் பெயரைச் சொல்லி எழுதியதை மீறினால் ஊர் முன்னால் தலைகாட்ட முடியாது என்ற நம்பிக்கைதான் அந்த ஓட்டுக்கு மதிப்பு.

ஆனால், வரிச் சுமை குறையவில்லை. 725-726இல் காப்டிக் விவசாயிகளின் முதல் பெரிய வரிக் கிளர்ச்சி வெடித்தது. அடுத்த நூறு ஆண்டுகளில் மேலும் பல. 830-832இல் நைல் முகத்துவாரத்தின் சதுப்பு நிலத்தில் நடந்த பெரும் கிளர்ச்சியை அடக்க கலீஃபா அல்-மாமூனே நேரில் எகிப்து வர வேண்டியிருந்தது.

தப்பியது எப்படி, அழித்தது யார்?

மழையே இல்லாத மண்தான் இந்தக் கடிதங்களைக் காப்பாற்றியது. குப்பைமேட்டிலும் கைவிட்ட அறைகளிலும் கிடந்த பாப்பிரஸ் மக்காமல் அப்படியே இருந்தது. பத்திரப்படுத்த வேண்டும் என்று யாரும் நினைத்ததில்லை. தூக்கிப்போட்டதால் பிழைத்தவைதான் அதிகம்.

ஜேமே ஊரையே எடுத்துக்கொள்வோம். மூன்றாம் ராம்செஸ் கட்டிய பெரிய கோயிலின் வளாகத்துக்குள்ளும் அதைச் சுற்றியும் மண் செங்கல் வீடுகளாக எழும்பிய ஊர் அது. அரிஸ்தோஃபனெஸ் என்ற ஒரே எழுத்தர் மட்டும் அங்கே எழுதிய 140க்கும் மேற்பட்ட ஆவணங்கள் கிடைத்திருக்கின்றன. பெரும்பாலும் வரி ரசீதுகளும் பத்திரங்களும். 8ஆம் நூற்றாண்டின் கடைசி வாக்கில் அந்த ஊர் காலியாகிவிட்டது.

ஆயிரம் ஆண்டு மண்ணுக்குள் தாக்குப்பிடித்த ஊரை 19ஆம் நூற்றாண்டின் தொல்லியலாளர்கள்தான் காலி செய்தார்கள். அடியில் இருக்கும் பார்வோன் கோயில்தான் அவர்களுக்கு வேண்டும். மேலே இருந்த காப்டிக் வீடுகள் வெறும் இடைஞ்சல். சரியாகப் பதிவுகூடச் செய்யாமல் பெரும்பகுதியை இடித்து அள்ளிக் கொட்டினார்கள். பக்கத்தில் ஹட்செப்சுத் அரசியின் கோயில் மேல் நின்ற ஃபொய்பம்மோன் மடாலயமும் 1890களில் இதே வழியில் அகற்றப்பட்டது. ஆயர் ஆபிரகாம் குடியிருந்து கடிதம் எழுதிய மடம் அதுதான். அந்த இடத்தின் அரபுப் பெயர் டெய்ர் எல்-பஹ்ரி. 'வடக்கு மடாலயம்' என்று பொருள். பெயரில் மடம் இருக்கிறது, மடம் இல்லை.

போலிக்குக் கிடைத்த வெளிச்சம்

காப்டிக் பாப்பிரஸ் உலகச் செய்தியான ஒரு தருணம் உண்டு. 2012இல் ஹார்வர்டு பேராசிரியர் கேரன் கிங் ஒரு சிறிய துண்டை அறிமுகப்படுத்தினார். அதில் இயேசு 'என் மனைவி' என்று சொல்வதாக ஒரு வரி. உலகமே பரபரப்பானது. 2014 பரிசோதனையில் பாப்பிரஸ் 7-8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததுதான் என்று தெரிந்தது. அதாவது, ஃபிராங்கே காலத்துத் தாள்.

ஆனால், தாள் பழையது என்றால் எழுத்தும் பழையது என்று ஆகிவிடாது. இணையத்தில் இருந்த தோமா நற்செய்தியின் ஒரு பதிப்பில் இருந்த அச்சுப்பிழைகூட அந்தத் துண்டில் அப்படியே இருப்பதை ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். 2016இல் தி அட்லாண்டிக் இதழின் புலனாய்வுக் கட்டுரை வந்த பிறகு, அது போலியாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று கிங்கும் ஒப்புக்கொண்டார்.

ஒரு பாப்பிரஸ் எங்கே, எப்போது, யாரால் தோண்டி எடுக்கப்பட்டது என்ற வரலாறு ஏன் முக்கியம் என்பதற்கு இது பாடம். எகிப்து 1983இல் 117ஆம் எண் சட்டத்தின் மூலம் தொல்பொருள் வியாபாரத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது. இருந்தாலும் கள்ளச் சந்தை ஓயவில்லை. பெரிய தாளைத் துண்டுகளாக்கித் தனித்தனியே விற்றால் லாபம். ஒரு கடிதத்தின் தலை ஒரு நாட்டிலும் கால் இன்னொரு நாட்டிலும் கிடப்பது இதனால்தான்.

மொழி என்ன ஆனது?

10ஆம் நூற்றாண்டில் பாப்பிரஸின் இடத்தைக் காகிதம் பிடித்தது. காப்டிக் கடிதங்களில் அரபுச் சொற்கள் கூடின. பிறகு கடிதங்களே அரபிக்கு மாறின. 12ஆம் நூற்றாண்டில் அடிப்படை ஜெபங்களையே அரபியில் சொல்லிக்கொடுக்க வேண்டிய நிலை திருச்சபைக்கு வந்தது. காலப்போக்கில் வீடுகளில் பேச்சு நின்று, காப்டிக் வழிபாட்டு மொழியாக மட்டும் தங்கிவிட்டது. இன்றும் எகிப்தியத் தேவாலயங்களில் அது ஒலிக்கிறது. 1822இல் பிரெஞ்சு அறிஞர் ஷம்போலியன் சித்திர எழுத்தின் புதிரை அவிழ்க்கவும் அவர் கற்றிருந்த காப்டிக்தான் கைகொடுத்தது.

இந்தக் கடிதங்கள் இன்று லண்டன், பாரிஸ், பெர்லின், நியூயார்க், கெய்ரோ என்று பல நகரங்களில் இருக்கின்றன. வியன்னாவில் உள்ள ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் மட்டும் பாப்பிரஸ் உள்ளிட்ட பழம்பொருட்கள் சுமார் 1,80,000. அவற்றில் காப்டிக் ஆவணங்கள் ஆயிரக்கணக்கில். முசிறித் துறைமுகத்திலிருந்து வந்த கப்பலின் சரக்கைப் பட்டியலிடும் 2ஆம் நூற்றாண்டுக் கிரேக்கப் பாப்பிரஸும் அதே நூலகத்தில்தான் இருக்கிறது. நம் மிளகு வணிகத்தைச் சொல்லும் தாளும் எகிப்தியரின் வரிக் கஷ்டத்தைச் சொல்லும் தாள்களும் ஒரே கூரையின் கீழ்.

இவற்றில் இன்னும் படித்துப் பதிப்பிக்கப்படாதவை ஏராளம். காப்டிக் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் உலகம் முழுக்கச் சேர்த்தாலும் கொஞ்சம் பேர்தான். இப்போது பல நூலகங்கள் படங்களை இணையத்தில் ஏற்றிவருவதால், வெவ்வேறு நாடுகளில் சிதறிய துண்டுகளைத் திரையிலேயே பொருத்திப் பார்க்க முடிகிறது. ஓட்டில் வாக்குக் கொடுத்த ஊர்த் தலைவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியும். அதை நம்பி ஊர் திரும்பியவர்களுக்கு என்ன ஆனது என்ற பதில் எங்காவது எழுதப்பட்டிருந்தால், அது இன்னும் யாரும் பிரித்துப் படிக்காத ஒரு தாளில்தான் இருக்கும்.